கோட்டை கட்டிய குடியானவன் மகன்

ஜப்பான் நாட்டின் பெருநகரங்களுள் ஒன்று ஒசாகா. வாணிகத்திற்கும் தொழிலுக்கும் பேர்போன அந்நகரின் நடுவே, வானளாவிய கட்டடங்களுக்கும் மேம்பாலங்களுக்கும் இடையில், அகன்ற அகழியும் உயர்ந்த கருங்கல் மதிலும் சூழ ஒரு பழைய கோட்டை இருக்கிறது. கோட்டை அமைந்துள்ள வட்டாரத்தின் பெயரே சூவோ. அதாவது நடுவண் வட்டாரம். இளவேனிற் காலத்தில் செர்ரி மலர்களைக் காணவும், மற்றைக் காலங்களில் கோட்டையின் பெருமையைக் காணவும் மக்கள் அங்கே திரளாக வருகின்றனர். வெண்சுவர்களும் பச்சை நிறக் கூரைகளும் கொண்ட மாடக் கோபுரம் 55 மீட்டர் உயரத்திற்கு எழுந்து நிற்கிறது. அதன் மேல்தளச் சுவரில் பொன்னிறப் புலிகள் மின்னுகின்றன.

அகழிப் பாலத்தைக் கடந்து உள்ளே நுழைவோர் அனைவரும் கேட்கும் பெயர் ஒன்று உண்டு. அதுதான் தொயோதோமி ஹிடேயோஷி. சிற்றரசர்கள் நூறாண்டுக்கு மேலாகத் தம்முள் போரிட்டுச் சீரழித்த ஜப்பானை ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்தவன் அவன். அவன் மன்னர் குலத்தில் பிறந்தவன் அல்லன். போர்மறவர் குலத்தில் தலைசிறந்த குடியில் தோன்றியவனும் அல்லன். சேற்றில் இறங்கி நாற்று நட்ட ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளை அவன்.

அடிமட்டத்திலிருந்து உச்சிக்கு ஏறிய மனிதர்களின் வரலாறு நம் போன்ற மாணவர்களுக்கு என்றும் இனிப்பது. ஆயினும் ஹிடேயோஷியின் வரலாறு இனிப்பது மட்டும் அன்று. ஏணியில் ஏறியவன், ஏறி முடித்தபின் அந்த ஏணியை என்ன செய்தான் என்பதையும் அது நமக்குக் காட்டுகிறது.

செருப்புச் சுமந்த இளைஞன்

1537-ஆம் ஆண்டு, ஓவாரி நாட்டைச் சேர்ந்த நாகமுரா என்ற சிற்றூரில் ஹிடேயோஷி பிறந்தான். அவ்வூர் இன்று நாகோயா நகரின் ஒரு பகுதியாகிவிட்டது. தந்தை யாயெமோன் உழவுத் தொழில் செய்தவர். போர் வந்தால் ஈட்டி ஏந்திச் செல்லும் காலாட்படை வீரர். மகன் சிறுவனாக இருக்கும்போதே அவர் மறைந்தார். தாய் மறுமணம் செய்துகொண்டாள். வீட்டை விட்டு வெளியேறிய சிறுவன் ஊர் ஊராக அலைந்தான்.

அவன் தோற்றப் பொலிவு உடையவன் அல்லன். குள்ளமான, மெலிந்த உடல், ஒடுங்கிய முகம். குரங்கு என்று அவனைப் பிறர் கேலி செய்தனர் என்பர். குலமும் இல்லை, பொருளும் இல்லை, கல்வியும் இல்லை. கூர்மையான அறிவு, சலியாத உழைப்பு, பிறர் மனத்தை அறியும் ஆற்றல் ஆகிய மூன்றுமே அவனுக்கு முதலாக இருந்தன.

ஏறத்தாழ 1554-இல் அவன் ஓடா நொபுநாகா என்னும் சிற்றரசனிடம் வேலைக்காரனாகச் சேர்ந்தான். தலைவனின் செருப்பை எடுத்து வைப்பதே அவன் வேலை. இதைப்பற்றி ஜப்பானியக் குழந்தைகள் அனைவரும் அறிந்த ஒரு கதை உண்டு. பனி கொட்டும் ஒரு நாள் நொபுநாகா செருப்பில் காலை நுழைத்தபோது அது வெதுவெதுப்பாக இருந்தது. வேலைக்காரன் அதன்மேல் உட்கார்ந்திருந்தான் போலும் என்று அவன் சினந்தான். தலைவனின் கால் குளிரக்கூடாது என்பதற்காகச் செருப்பைத் தன் மார்போடு அணைத்து வைத்திருந்ததாக இளைஞன் பணிவுடன் கூறினானாம். இது பிற்காலத்தார் கட்டிய கதையாகவே இருக்கலாம். ஆனால் எந்தச் சிறு வேலையையும் இழிவென்று எண்ணாமல் செய்து மேலேறியவன் அவன் என்பதை மக்கள் இக்கதையால் நினைவில் வைத்தனர்.

1561-இல் நெனே என்னும் பெண்ணை அவன் மணந்தான். அப்போது அவன் வாழ்வு எளிய வாழ்வு. ஆனால் அவள் அவனுக்கு வாழ்நாள் முழுதும் அறிவார்ந்த துணையாக விளங்கினாள்.

நொபுநாகாவிடம் ஒரு சிறப்பு இருந்தது. குலத்தைப் பாராமல் திறமையைப் பார்த்து வேலை கொடுப்பவன் அவன். எனவே செருப்புச் சுமந்தவன் படிப்படியாகப் படைத்தலைவன் ஆனான். 1573-இல் அசாயி என்ற சிற்றரசனை நொபுநாகா வீழ்த்தியபோது, அப்போரில் முன்னின்ற ஹிடேயோஷிக்கு அந்நிலப்பகுதி பரிசாகக் கிடைத்தது. பிவா ஏரிக்கரையில் நாகஹாமா என்ற இடத்தில் அவன் தனக்கென ஒரு கோட்டை கட்டிக்கொண்டான். நாகமுரா ஊர்ப் பிள்ளை ஒரு கோட்டைக்கு உரியவன் ஆகிவிட்டான்!

பதினொரு நாட்கள்

1582-ஆம் ஆண்டு அவன் வாழ்வின் திருப்புமுனை. மேற்கே மோரி குலத்தாருடன் போரிட்டுக்கொண்டிருந்த ஹிடேயோஷி, தக்கமத்சு என்ற கோட்டையை முற்றுகையிட்டான். தாழ்வான சதுப்பு நிலத்தில் இருந்த அக்கோட்டையை வாளால் வெல்வது எளிதன்று எனக் கண்டு, ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத்திற்கு மண்கரை எழுப்பி, ஆற்று நீரைத் திருப்பி விட்டான். மழைக் காலமாதலால் கோட்டையைச் சுற்றி ஏரி போல நீர் நிறைந்தது.

அவ்வேளையில்தான் அந்தப் பேரிடிச் செய்தி வந்தது. ஜூன் 21-ஆம் நாள், கியோட்டோ நகரில் ஹொன்னோஜி என்ற கோயிலில் தங்கியிருந்த நொபுநாகாவை, அவனுடைய படைத்தலைவருள் ஒருவனான அகெச்சி மிட்சுஹிடே வஞ்சகமாகச் சூழ்ந்து மடியச் செய்துவிட்டான். ஹிடேயோஷி அச்செய்தியை எதிரி அறியாதவாறு மறைத்தான்; விரைந்து சமாதானம் செய்துகொண்டான்; படையை உடனே கிழக்கு நோக்கித் திருப்பினான். மழையிலும் சேற்றிலும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நடந்து வந்த அப்படை, ஜூலை 2-ஆம் நாள் யமசாக்கி என்னுமிடத்தில் மிட்சுஹிடேயை முறியடித்தது. தலைவன் மாண்ட பதினோராம் நாள் பழி தீர்க்கப்பட்டது. மற்றத் தளபதிகள் என்ன செய்வதென்று எண்ணிக்கொண்டிருந்தபோதே ஹிடேயோஷி செய்து முடித்துவிட்டான்.

அடுத்த ஆண்டு, எதிர்த்து நின்ற மூத்த தளபதி ஷிபாத்தா கத்சுயியேயையும் அவன் வென்றான். எரியும் கோட்டையில் கத்சுயியேவும் அவன் மனைவி ஓயிச்சியும் உயிர் நீத்தனர். ஓயிச்சி, நொபுநாகாவின் தங்கை. முதலில் அசாயி சிற்றரசனை மணந்து கைம்பெண் ஆனவள். அவளுடைய பெண் மக்கள் மூவர் மட்டும் வெளியே அனுப்பப்பட்டுப் பிழைத்தனர். அவர்களுள் மூத்தவள் சாச்சா. இந்தப் பெண்ணை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

ஒசாகாவில் எழுந்த கோட்டை

1583-ஆம் ஆண்டிலேயே ஹிடேயோஷி ஒசாகாவில் தன் பெருங்கோட்டையைத் தொடங்கினான். அவ்விடத்தில் முன்பு இஷியாமா ஹோங்கான்ஜி என்ற புத்த மடம் இருந்தது. நொபுநாகாவையே பத்தாண்டுகள் எதிர்த்து நின்று, 1580-இல் எரிந்து போன மடம் அது. ஆறும் கடலும் அருகே இருந்தமையால் காவலுக்கும் வாணிகத்திற்கும் ஏற்ற மேட்டு நிலம்.

பல்லாயிரம் ஆட்கள் கல் சுமந்தனர். மாடக் கோபுரம் 1585-இல் எழுந்தது; மற்றை வேலைகள் அவன் சாகும் ஆண்டு வரை நடந்தன. கோட்டையைச் சுற்றி வணிகர்கள் குடியேற்றப்பட்டனர். இன்று நாம் காணும் ஒசாகாப் பெருநகரத்திற்கு வித்திட்டது அக்குடியேற்றமே எனலாம்.

பதவிகளும் வந்து குவிந்தன. 1585-இல் அவன் கம்பாக்கு ஆனான். பேரரசருக்கு அடுத்த நிலையில் இருந்து ஆட்சியை நடத்தும் பதவி அது. பிரபுக் குலமான பூஜிவாராக் குடியினருக்கே உரியதாக இருந்த அப்பதவியைப் பெறுவதற்காக, அக்குடியைச் சேர்ந்த ஒருவருக்கு அவன் தத்துப்பிள்ளை ஆனான். அடுத்த ஆண்டு பேரரசர் தொயோதோமி என்ற புதிய குலப்பெயரை அவனுக்கு வழங்கினார். 1590-இல் ஓதவாராக் கோட்டை வீழ்ந்ததும் ஜப்பான் முழுவதும் அவன் ஆணைக்குப் பணிந்தது.

அரசியலில் அவன் செய்த நற்பணிகள் சிறியன அல்ல. நாடு முழுவதும் நிலத்தை அளக்கச் செய்தான். ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த அளவுகோல்களையும் முகத்தல் அளவைகளையும் ஒரே சீராக்கினான். எந்த நிலம் எவ்வளவு நெல் விளையும், அதை உழுபவன் யார் என்பனவெல்லாம் ஏட்டில் ஏறின. இடைத்தரகர் பலருக்கு வரி கொடுத்துத் தவித்த உழவனுக்கு, இந்நிலம் இன்னாருடையது என்ற ஓர் உறுதி கிடைத்தது.

தேநீர்ச் சடங்கில் அவனுக்குப் பெருவிருப்பம். எளிமையே அழகு என்று கற்பித்த தேநீர்க் கலை ஆசான் சென் ரிக்கியூ அவனுக்கு ஆசானாக இருந்தார். ஆனால் மாணவனோ சுவரெல்லாம் பொன் தகடு போர்த்த ஒரு தேநீர் அறையைச் செய்வித்தான். கழற்றி எடுத்துச் சென்று வேறிடத்தில் பூட்டத்தக்க அறை அது. இன்று கோட்டைக்குள் அதன் மாதிரி ஒன்று வைக்கப்பட்டுள்ளது. 1587-இல் கியோட்டோவின் கிட்டானோக் கோயில் வளாகத்தில் பெரியதொரு தேநீர் விழாவை அவன் நடத்தினான். உழவர், பணியாள், நகரத்தார் என்ற வேறுபாடின்றி எவரும் வரலாம். ஒரு கெண்டியும் கிண்ணமும் உட்காரப் பாயும் இருந்தால் போதும் என்று அறிவித்தான். பத்து நாள் என்று அறிவிக்கப்பட்ட அவ்விழா ஒரே நாளில் நிறுத்தப்பட்டுவிட்டது. அவன் வாழ்வுக்கே அது ஓர் அடையாளமாக அமைந்துவிட்டது.

எடுக்கப்பட்ட ஏணி

அடுத்த ஆண்டு, 1588-இல், வாள் பறிப்பு ஆணை பிறந்தது. உழவர்கள் தம்மிடமுள்ள வாள், வில், ஈட்டி, துப்பாக்கி அனைத்தையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். கியோட்டோவில் ஹோக்கோஜி கோயிலில் எழும் பெரும் புத்தர் மண்டபத்திற்கு ஆணிகளும் பட்டைகளும் செய்ய அவ்விரும்பு பயன்படும். கொடுப்போர்க்கு இம்மையிலும் மறுமையிலும் நன்மை உண்டு என்று காரணம் கூறப்பட்டது. உண்மைக் காரணம், உழவர் கிளர்ச்சி இனி எழக்கூடாது என்பதே. ஈட்டி ஏந்திய உழவர் ஒருவரின் மகன், உழவர் கையில் ஈட்டி இருத்தலாகாது என்று ஆணையிட்டான்.

1591-இல் மேலும் ஒரு சட்டம் வந்தது. போர்வீரன் உழவனாகவோ நகரத்தானாகவோ மாறக்கூடாது. உழவன் தன் வயலை விட்டு வாணிகத்திற்கோ கூலிக்கோ போகக்கூடாது. மீறியவன் மட்டுமன்றி, அவனுக்கு இடம் கொடுத்த ஊரும் தண்டனைக்கு உள்ளாகும். நிலத்தை உழவனுக்கு உறுதி செய்த அதே ஏடு, இப்போது உழவனை நிலத்தோடு பிணைக்கும் கயிறாயிற்று.

இச்சட்டம் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே இருந்திருக்குமானால் என்ன நடந்திருக்கும்? நாகமுராவின் சிறுவன் ஊரை விட்டு வெளியேறியிருக்க முடியாது. நொபுநாகாவின் வாயிலில் வேலை கேட்டு நின்றிருக்க முடியாது. ஹிடேயோஷி என்ற பெயரையே வரலாறு அறிந்திருக்காது. தான் ஏறி வந்த ஏணியைத் தனக்குப் பின் எவரும் ஏறாதவாறு அவன் எடுத்துவிட்டான். நூறாண்டுப் போரை நிறுத்த அதுவே வழி என்று அவன் கருதியிருக்கலாம். அமைதி வந்தது உண்மை. ஆனால் பிறப்பால் மனிதரை வகுக்கும் முறை இறுகி, ஏறத்தாழ 280 ஆண்டுகள் நிலைத்ததும் உண்மை.

இருள் சூழ்ந்த இறுதிக் காலம்

உச்சியில் நின்றவனுக்கு அச்சம் பிறந்தது. 1591-இல் ஆசான் ரிக்கியூவைத் தம் வயிற்றைத் தாமே கிழித்து மாளுமாறு ஆணையிட்டான். அதே ஆண்டு அவனுடைய ஒரே மகன் சுருமட்சு இரண்டு வயதில் இறந்தான். மனம் உடைந்தவன் தமக்கையின் மகன் ஹிடெட்சுகுவை வாரிசாக்கி, கம்பாக்குப் பதவியை அவனுக்கு அளித்தான்.

பின்னர் சீனத்தையே வெல்வேன் என்று புறப்பட்டு, 1592-இல் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரரைக் கொரியாவுக்கு அனுப்பினான். அவன் கடல் கடந்து போகவில்லை. கியூஷூத் தீவில் பாசறை அமைத்து அங்கிருந்து ஏவினான். தலைநகர் சியோல் மூன்றே வாரங்களில் வீழ்ந்தது. ஆயினும் கொரியக் கடற்படைத் தலைவன் யி சுன்-சின் ஜப்பானியக் கப்பல்களை அடுத்தடுத்து முறியடித்தான்; சீனப் படையும் உதவிக்கு வந்தது. 1597-இல் மீண்டும் ஒரு படையெடுப்பு நடந்தது. கொன்றதற்குச் சான்றாகக் கொரிய மக்களின் மூக்குகளை அறுத்து உப்பிலிட்டு அனுப்பிய கொடுமை அப்போது நிகழ்ந்தது. அவற்றைப் புதைத்த மேடு கியோட்டோவில் இன்றும் இருக்கிறது. ஊர்கள் எரிந்தன, மக்கள் சிறைப்பட்டனர். ஒரு பிடி மண்கூட ஜப்பானுக்கு மிஞ்சவில்லை.

இதற்கிடையே 1593-இல் ஒசாகாக் கோட்டையில் அவனுக்கு ஹிடேயோரி என்ற மகன் பிறந்தான். தாய் வேறு யாரும் அல்லள். எரியும் கோட்டையிலிருந்து தப்பி வந்த அந்தச் சாச்சாவே. இறந்த சுருமட்சுவுக்கும் அவளே தாய். இப்போது யோதோ சீமாட்டி என்று பெயர் பெற்றிருந்தாள். தன் தந்தையையும் மாற்றாந்தந்தையையும் வீழ்த்தியவனுக்கே அவள் துணைவியாக நேர்ந்தது.

மகன் பிறந்ததும் மருமகன் தடையாகத் தோன்றினான். 1595-இல் ஹிடெட்சுகு தற்கொலை செய்துகொள்ள ஆணை பெற்றான். அதோடு முடியவில்லை. அவனுடைய மனைவியரும் குழந்தைகளும் பணிப்பெண்களுமாக முப்பதுக்கு மேற்பட்டோர் கியோட்டோ ஆற்றங்கரையில் பலர் காண வெட்டப்பட்டனர். தன் குழந்தை வாழப் பிறர் குழந்தைகளைக் கொன்றவன் மனம் அமைதி பெற்றிருக்குமா?

1598-ஆம் ஆண்டு அவன் நோயில் விழுந்தான். நாட்டின் பெருந்தலைவர் ஐவரை அழைத்து, ஐந்து வயதுச் சிறுவன் ஹிடேயோரியைக் காப்பதாக மீண்டும் மீண்டும் உறுதிமொழி வாங்கினான். ஐவருள் வலிமை மிக்கவன் தோக்குகாவா இயெயாசு. செப்டம்பர் 18-ஆம் நாள், கியோட்டோவை அடுத்த பூஷிமிக் கோட்டையில் ஹிடேயோஷி உயிர் துறந்தான்.

மண்ணுக்குள் போன கோட்டை

உறுதிமொழிகள் இரண்டே ஆண்டுகளில் காற்றில் பறந்தன. 1600-இல் செக்கிகஹாராப் போரில் வென்ற இயெயாசு 1603-இல் ஷோகன் ஆனான். ஹிடேயோரி தாயுடன் ஒசாகாக் கோட்டையில் வளர்ந்து வந்தான். அவனை ஒழிக்க இயெயாசுவுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அது 1614-இல் கிடைத்தது. ஹோக்கோஜி கோயிலுக்கு ஹிடேயோரி வார்ப்பித்த மணியில் பொறித்த எழுத்துகள் இயெயாசுவின் பெயரைப் பிளந்து அவனைச் சபிப்பதாகக் குற்றம் சாட்டப்பட்டது. எந்தக் கோயிலின் பெயரைச் சொல்லி உழவரின் வாள்களைத் தந்தை பறித்தானோ, அந்தக் கோயிலின் மணியே மகனுக்குச் சாவுமணி ஆயிற்று.

அந்தக் குளிர்காலத்தில் கோட்டை முற்றுகையிடப்பட்டது. சமாதானம் என்று சொல்லி அகழிகளைத் தூர்த்தனர். 1615-ஆம் ஆண்டு கோடையில் மீண்டும் வந்து கோட்டைக்குத் தீயிட்டனர். ஹிடேயோரியும் யோதோ சீமாட்டியும் உள்ளேயே மாண்டனர். மூன்று முறை கோட்டை வீழக் கண்ட அப்பெண்ணுக்கு மூன்றாவது கோட்டையே சுடுகாடு ஆயிற்று. ஹிடேயோரியின் எட்டு வயது மகனும் பிடித்துக் கொல்லப்பட்டான். அத்துடன் ஹிடேயோஷியின் ஆண்வழி அற்றுப்போயிற்று.

வென்றவர்கள் அத்துடன் நிற்கவில்லை. ஹிடேயோஷி கட்டிய மதில்களின் மேல் மண்ணைக் கொட்டி மூடிவிட்டு, அதன்மேல் 1620 முதல் 1629 வரை புதிய கோட்டை ஒன்றை எழுப்பினர். சிற்றரசர் அறுபதுக்கு மேற்பட்டோர் கல் கொண்டுவந்து அடுக்கினர். இன்று உள்வாயிலில் காணப்படும், நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள தனிக்கல்லும் அவர்கள் கொணர்ந்ததே. அவர்கள் கட்டிய கோபுரமும் நிலைக்கவில்லை. 1665-இல் இடி விழுந்து எரிந்தது.

அதன்பின் 266 ஆண்டுகள் கோபுரம் இல்லாத கோட்டையாகவே அது இருந்தது. 1931-இல் ஒசாகா நகர மக்கள் தாமே நன்கொடையாக அளித்த 15 லட்சம் யென்னில் ஒரு பகுதியைக் கொண்டு இப்போதுள்ள கோபுரம் எழுந்தது. இரும்பும் கான்கிரீட்டும் கொண்டு கட்டிய அது 1945-ஆம் ஆண்டுக் குண்டுவீச்சுக்கும் தப்பி நின்றது. உள்ளே மின்தூக்கி உண்டு. எட்டாம் தளத்தில் நின்றால் நகர் முழுவதும் தெரியும்.

ஆகவே கோட்டைக்கு வருவோர் நிமிர்ந்து பார்க்கும் எதுவும் ஹிடேயோஷி கட்டியது அன்று. சுற்றியுள்ள மதில் அவன் பகைவர் கட்டியது. நடுவே நிற்கும் கோபுரம் பொதுமக்கள் கட்டியது. அவன் அடுக்கிய கற்களைக் காண வேண்டுமானால் குனிந்துதான் பார்க்க வேண்டும். 1959-இல் நடந்த அகழாய்வில் மண்ணுக்குள் அம்மதில் முதன்முறையாகத் தென்பட்டது. 2025 முதல் நிலத்தடிக்குப் படியிறங்கிச் சென்று அதைக் காண வழி செய்திருக்கிறார்கள். செதுக்காத கற்களை உள்ளவாறே அடுக்கிய மதில் அது.

முடிவுரை

கோட்டை வளாகத்தில் ஹிடேயோஷிக்கு ஒரு கோயிலும் சிலையும் உள்ளன. வாழ்வில் உயர்வு வேண்டுவோர் அங்கே வந்து வணங்குகின்றனர். செருப்புச் சுமந்த இளைஞனை அவர்கள் நினைப்பது இயல்பே. அவனுடைய உழைப்பும் ஊக்கமும் போற்றத்தக்கவை.

ஆனால் அவன் வரலாற்றை முழுமையாகப் படிப்போர் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். நொபுநாகா குலம் கேட்டிருந்தால் ஹிடேயோஷி உயர்ந்திருக்க மாட்டான். தனக்குக் கிடைத்த அவ்வாய்ப்பை அவன் பிறருக்கு மறுத்தான். தன் மகனுக்கு மட்டும் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தான். அம்மகனுக்கோ ஒன்றும் எஞ்சவில்லை. யாருக்கு வழியடைத்தானோ, அந்த எளிய குடிமக்களின் வழிவந்தோரே பின்னாளில் காசு சேர்த்து அவன் பெயர் நிலைக்கக் கோபுரம் கட்டினர்.

அரசினர் கல்லூரியின் படிகளில் ஏறி வரும் நம்மில் பலர், நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். நமக்கும் ஓர் ஏணி கிடைத்திருக்கிறது. ஏறுவோம், ஏறியபின் அதை எடுத்துவிடாமல், கீழே நிற்பவர்க்காகப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஒசாகாக் கோட்டை நமக்குச் சொல்லும் பாடம் இதுவே.